பென்சில் வரி: ஒரு 10-ஆம் வகுப்பு மாணவனின் ஆங்கில வாசிப்பு – நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பர் கடைசியில், காலாண்டுத் தேர்வுத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். பின்னால் மகன், 10-ஆம் வகுப்பு. ஆங்கிலத்தில் நூற்றுக்கு 17. "டீச்சர், மத்த பாடத்தையெல்லாம் எப்படியோ தேத்திடுறான். இங்கிலீஷுதான் புடிபட மாட்டேங்குது. பாஸ் ஆகுற அளவுக்கு ஆக்கிவிட்டாப் போதும்" என்றார். பையன் ஒன்றும் பேசவில்லை. தூணில் சாய்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பையனின் பெயரையும் ஊரையும் பள்ளியையும் இங்கே எழுதவில்லை. அவனும் அவன் அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். காரணம் ஒன்றுதான். அவனுக்கு எது தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. அவனுக்குப் பாடம் நடத்திய மற்றவர்கள் ஐந்து வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இதே இடத்தில் நிற்கும் பிள்ளைகள் பலரை அதன் பிறகு பார்த்துவிட்டேன்.

பின்னணி

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்கு சைக்கிளில் போய்வரலாம். பையனின் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா நடவுக்கும் களைக்கும் போவார், நூறு நாள் வேலைக்கும் போவார். தாய்மாமன் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது எரிந்த மோட்டாருக்குக் கம்பி மறுபடி சுற்றித் தரும் கடை, வைத்திருக்கிறார். அந்த ஆண்டு மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை, ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். குறுவை போட்டவர்கள் போர் தண்ணீரையே நம்பியதால் மோட்டார்கள் இரவு பகலாக ஓடின, வரிசையாக எரிந்தும் போயின. பையன் பள்ளி விட்டதும் கடைக்குத்தான் போவான். படிப்பு பின்னால் போனதற்கு அந்தக் கோடையும் ஒரு காரணம்.

ஆனால் வேர் அதற்கு முந்தியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது அவன் 5-ஆம் வகுப்பில் இருந்தான். 1 முதல் 8 வரையான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன. அதற்குள் அவன் 7-ஆம் வகுப்பில் இருந்தான். தமிழை அம்மா வாங்கி வந்த வார இதழிலும் கடைப் பலகையிலும் படித்துக்கொண்டே இருந்தான். ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

முதல் மூன்று வாரம்

முதல் நாள் அவனுடைய பாடநூலைத் திறந்ததும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒவ்வொரு ஆங்கில வரிக்கு மேலேயும் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தான். வகுப்பில் ஆசிரியர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டதாம். உழைக்கிற பிள்ளைதான், நினைவில் நிற்கவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். தினம் பத்துச் சொல், ஒவ்வொன்றும் ஐந்து முறை, பக்கத்தில் தமிழ்ப் பொருள். மறுநாள் ஒப்பிப்பான். வரிசையாகக் கேட்டால் பத்துக்குப் பத்தும் வரும். வரிசையைக் கலைத்துக் கேட்டால் மூன்று வரும். நான் அதட்டினேன், இன்னும் பத்து முறை எழுதச் சொன்னேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பார்க்கவே தெரியாத ஒன்றைத் திரும்பத் திரும்ப வரையச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் நடுவில் ஒருநாள் புத்தகத்தை மறந்துவிட்டு வந்தான். என்னுடைய பிரதியைக் கொடுத்தேன். 10-ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடம், பறக்கப் பயந்து பாறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கடற்பறவைக் குஞ்சின் கதை. முதல் வரியைத் தடையில்லாமல் சொன்னான். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். விரல் வரிக்கு மேலே இருந்த வெள்ளை இடத்தில் தேடியது. அங்கே எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் இந்தப் பையன் ஆங்கிலம் வாசிக்கவே இல்லை. மேலே இருந்த தமிழைத்தான் வாசித்திருக்கிறான். கீழே இருந்தது அவனுக்கு வெறும் கோடு.

ஒரு சிலேட்டில் நான்கு ஆங்கிலச் சொற்களை எழுதினேன். தோளில் மாட்டும் பை, முதுகு, சாமான் கட்டுவது, ரொட்டி சுடுவது. ஒவ்வொன்றையும் நான் உச்சரிக்க, மேலே தமிழில் எழுதச் சொன்னேன். நான்கின் தலையிலும் ‘பேக்’ என்று எழுதினான். தப்பே இல்லை, தமிழ் எழுத்தில் நானும் அப்படித்தான் எழுதுவேன். அந்த நான்கு சொல்லையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் தனித்தனியாக நினைவில் வைக்கச் சொன்னால் எந்தப் பிள்ளையால் முடியும்?

எங்கே சிக்கியது

தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்று. அ, ம், மா என்று கூட்டினால் அம்மா வந்துவிடும். அதனால்தான் எழுத்துக்கூட்டிப் படிப்பது நமக்கு இயல்பாக வருகிறது. அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை பி, ஏ, ஜி என்று கூட்டுகிறது. கூட்டினால் ‘பீயேஜீ’ என்று வருமே தவிர பை வராது. ஆக, யாராவது சொல்லித்தரும் வரை வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் சுமார் 44. எழுத்தின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு ஒலியைப் பிடிக்காமல் அங்கே நுழையவே முடியாது.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்திலிருந்து வருவது. நமக்கு ஒரே ‘ப’தான், ஒரே ‘ட’தான், ஒரே ‘க’தான். ‘பாம்பு’ என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் ஒரே ‘ப’, ஆனால் ஒலி வேறு. மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். "ஆமா மிஸ், ரெண்டு சத்தம் வருது!" என்றான். மூணாறு தலைப்பு வரை வருவது ஒரே வெண்ணாறு, அங்கிருந்து கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறதல்லவா, அந்த மாதிரி நம் ‘ப’ ஆங்கிலத்துக்குள் போகும்போது இரண்டாகப் பிரிகிறது என்றேன். அவன் ஆற்றில் குளித்து வளர்ந்த பிள்ளை, அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஒலியும் அவன் வாயில் ஏற்கெனவே இருந்தன. எந்த எழுத்துக்கு எது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

எழுத்துகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். பம்பு-பி, பல்பு-பி. டெஸ்டர்-டி, டீசல்-டி. காயில்-சி, கிரீஸ்-ஜி. பெயர்களை அவன்தான் தேர்ந்தெடுத்தான். பேச்சில் நாம் ‘பம்பு’ என்று கடைசி எழுத்தைப் பல்பு-பி போல உருட்டுகிறோம், ஆங்கிலத்தில் அதுவும் பம்பு-பிதான் என்று சொன்னதும் கடையில் போய் மாமாவையே திருத்தியிருக்கிறான்.

கடையில் நடந்தது

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டு மோட்டாரும் போயிற்று. தூக்கிக்கொண்டு போனபோது பையன் கடையில் இருந்தான். மோட்டாரில் ஆணியடித்த தகட்டைத் துடைத்துவிட்டு, எத்தனை ஹெச்பி, எத்தனை ஆர்பிஎம், சிங்கிள் ஃபேஸ் என்று கடகடவென்று படித்தான். நான் அசந்துவிட்டேன். "ஃபேஸ்னு எப்படிடா படிச்ச?" என்றேன். "அது ஃபேஸ்தான் மிஸ்" என்றான். சொல்லின் உருவம் பழகியிருக்கிறது, உள்ளே இருக்கும் எழுத்துகள் பழகவில்லை. முதல் எழுத்து பம்பு-பிதானே, ஏன் ‘ப’ சத்தம் வரவில்லை என்று கேட்டேன். தகட்டை வெகுநேரம் பார்த்தான். பம்பு-பியோடு ஹெச் சேர்ந்தால் இரண்டும் தங்கள் ஒலியை விட்டுவிட்டு ‘ஃப’ ஆகிவிடும் என்று சொன்னேன். ஃபோன், ஃபோட்டோ என்று அவனே அடுக்கினான். மறுநாள் வந்ததும் வராததுமாக, "மிஸ், யானைக்கும் அதான் மிஸ்!" என்றான். எலிஃபன்ட்டை அவனே கண்டுபிடித்திருந்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து பாடம் கடைக்கும் திண்ணைக்கும் இடையே நடந்தது. கடைப் பலகையில் இருந்த ‘ரீவைண்டிங்’ என்ற ஒரே சொல்லில் ஒரு வாரம் ஓட்டினோம். நடுவில் வைண்ட், சுற்றுவது. முன்னால் ரீ, மறுபடி. பின்னால் இங். தேர்வில் முன்னொட்டு பின்னொட்டுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி வரும். பையன் அதற்கு ஒரு பெரிய பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு கனெக்ட், டிஸ்கனெக்ட், ரீகனெக்ட் என்று ஆரம்பித்தோம். லைன் பிடுங்குவதும் கொடுப்பதும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதே வைண்ட் எழுத்துகள்தான் ‘விண்ட்’ என்று காற்றுக்கும் வரும், இடத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரியும் என்பதையும் அங்கேயே சொன்னேன். ஆங்கிலத்தில் விதி மீறல் இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் பிள்ளைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

உயிர் ஒலிகளுக்கு யூரியா மூட்டை உதவியது. 45 கிலோ, நைட்ரஜன் 46 சதவீதம், ‘நீம் கோட்டட்’. இந்த இரண்டு சொல்லுக்குள் இரண்டு விதி இருக்கின்றன. ஈ இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நீண்ட ‘ஈ’: நீம், சீட் (விதை), ஃபீட் (தீவனம்). ஓ-வும் ஏ-யும் சேர்ந்தால் பெரும்பாலும் ‘ஓ’: கோட், போட், லோட், ரோட். கடைசியில் வாய் திறக்காத ஈ நின்றால் முன்னால் இருக்கும் உயிர் தன் பெயரையே சொல்லும், கிட் என்பது கைட் ஆகும். ஒரு விதிக்கு இரண்டு மூன்று நாள். சொல்லைப் படித்துவிட்டுப் பொருள் கேட்பான், சொல்வேன். பொருளை முதலில் கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

விதிக்குள் அடங்காத சின்னச் சொற்களைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தே ஆக வேண்டும். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் தொகுத்த 220 சொற்களின் பட்டியல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. அதில் பெயர்ச்சொல்லே கிடையாது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படுகிற இணைப்புச் சொற்கள், வினைகள் போன்றவைதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அட்டைகள் செய்தோம். பேரிங் வந்த பெட்டிகள் மூன்று. தினமும் பார்க்க வேண்டியது முதல் பெட்டி, சரியாகச் சொன்னால் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்கும் இரண்டாவது பெட்டிக்குப் போகும், பிறகு வாரம் ஒருமுறை. தப்பினால் திரும்ப முதல் பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய முறை இது. மறதி எப்படி வேலை செய்கிறது என்று எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே எழுதிவிட்டார். ஒரே நாளில் பத்து முறை எழுதுவதைவிட நாள் விட்டு நாள் பார்ப்பது நிற்கும். இதெல்லாம் எனக்குப் படிக்கும்போதே தெரிந்த விஷயம். தெரிந்திருந்தும் முதல் மூன்று வாரம் செய்யவில்லை.

அம்மா சொன்ன பொருள்

நவம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிகளுக்கு நாள்கணக்கில் விடுமுறை, வயலெல்லாம் வெள்ளம், கரண்டும் இல்லை. பகல் வெளிச்சம் இருக்கும்வரை அவன் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துப் படித்தோம். அம்மாவுக்கும் வேலையில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடற்பறவைக் கதையில் குஞ்சு தைரியத்தை ‘மஸ்டர்’ செய்ய முடியாமல் தவிக்கிறது. அந்தச் சொல்லைப் பையன் எழுத்துக்கூட்டி, சரியாகவே படித்தான். பொருள் தெரியவில்லை. அம்மா சட்டென்று, "மஸ்டர் ரோல்தானே? நூறு நாள் வேலையில ஆள் கணக்கு எடுக்குறது. சனத்தை ஒண்ணு சேக்குறது" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. ஆளைச் சேர்ப்பதும் மஸ்டர், உள்ளே சிதறிக் கிடக்கும் தைரியத்தைத் திரட்டிச் சேர்ப்பதும் மஸ்டர். எந்த அகராதியும் அந்தப் பையனுக்கு இவ்வளவு நெருக்கமாகச் சொல்லியிருக்காது. பள்ளிக்கூடம் அதிகம் போகாத அந்த அம்மா அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அதன் பிறகு அந்தப் பாடத்தின் சொற்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. லெட்ஜ், ப்ரிங்க் இரண்டும் மதகுக் கட்டை. ஆற்றில் தண்ணீர் வந்ததும் பையன்கள் அதன் விளிம்பில் நின்று குதிக்கத் தயங்குவார்களே, அந்த இடம். ஸ்வூப் என்பது கோழிக்குஞ்சைத் தூக்கப் பருந்து இறங்கும் வேகம். பையன் முதன்முதலாக மதகிலிருந்து குதித்த நாளை எங்களிடம் சொன்னான். அண்ணன்மார்கள் கீழே நின்று கூப்பிட்டதையும், தான் அழுததையும் சொன்னான். பிறகு அந்தப் பாடத்தை மறுபடி படித்தபோது அவன் குரலே வேறாக இருந்தது.

அரையாண்டும் அதற்குப் பிறகும்

டிசம்பர் அரையாண்டில் 29. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அம்மாவுக்கு ஏமாற்றம், பையனுக்கு அதைவிட. விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதிய இடங்களில் பெரும்பாலும் சரி. கடைசி இரண்டு பக்கக் கேள்விகளைத் தொடவே இல்லை. என்னடா என்று கேட்டால், கொடுத்த பத்தியை முதல்முறையாகத் தானே படித்துப் பார்த்தானாம், அதிலேயே முக்கால் மணி போய்விட்டதாம். காலாண்டில் அந்தப் பத்தியை அவன் படிக்கவே இல்லை, கேள்வியில் இருந்த சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தான். எனக்கு 29 பெரிய மதிப்பெண்ணாகத் தெரிந்தது. அவன் அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

குறை இப்போது வேகத்தில்தான். அதற்கு ஒரு வழி எனக்குத் தெரியும்: ஒரே பத்தியை நான்கு நாள் தொடர்ந்து, கடிகாரம் வைத்து, சத்தமாகப் படிப்பது. புதுப் பத்தியைத் தினம் கொடுத்தால் பிள்ளை தினம் தோற்கும். ஒரே பத்தியில் முதல் நாள் நான்கு நிமிடம், கடைசி நாள் ஒன்றரை நிமிடம் என்று வரும்போது தன் கண்ணாலேயே முன்னேற்றத்தைப் பார்க்கும். பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு ஆரம்பித்து, தெருவெல்லாம் அறுவடை மிஷின் சத்தம். அதற்குள்ளேயே கத்திக் கத்திப் படித்தான்.

பிப்ரவரியில்தான் வினாத்தாளின் அமைப்பைக் கையில் எடுத்தோம். ஒரு மதிப்பெண் கேள்வி 14. அதில் முதல் மூன்று ஒத்த பொருள், அடுத்த மூன்று எதிர்ப்பொருள். மனப்பாடச் செய்யுள், வழிகாட்டும் வரைபடம், படித்து விடை எழுதும் பத்தி என்று உறுதியாக மதிப்பெண் தரும் இடங்கள் இருக்கின்றன. பல பள்ளிகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இவற்றை மட்டும் ஊட்டிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை, தேர்ச்சி அந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஊட்டியது, கேள்வியின் சொல் ஒன்று மாறினாலும் நிற்காது. வாசிக்கத் தெரிந்த பிறகு அதே பயிற்சி இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது. தாளைப் படித்துப் பார்க்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியாகப் பழக்கினேன். முன்பெல்லாம் அந்தப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பானாம். படிக்கத் தெரியாதவனுக்கு அது என்ன நேரம்!

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி ஆங்கிலத் தேர்வு. மதியம் நேராகத் திண்ணைக்கு வந்தான். எல்லாக் கேள்விக்கும் எழுதிவிட்டேன் என்றான். மே 16-இல் முடிவு வந்தது, 51. அம்மா ஒரு சீப்பு பழத்தோடு வந்தார்.

எழுத்துப் பிழைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. தானாக ஒரு கடிதம் எழுதச் சொன்னால் திணறுகிறான். ஆறு மாதத்தில் வாசிப்பைத்தான் சரிசெய்ய முடிந்தது, எழுத்துக்கு இன்னும் காலம் வேண்டும். பென்சில் வரி போட்ட அந்தப் பழைய புத்தகத்தை அவனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் முதலில் வரி போடாத என் பிரதியைத்தான் கொடுக்கிறேன். ‘பேக்’ நான்கையும் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

பையன் ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்துவிட்டான். போன மாதம் ஒரு ஸ்டார்ட்டரோடு வந்த கையேட்டை எடுத்துக்கொண்டு வந்தான். நான்கு பக்கத்தையும் அவனே படித்திருக்கிறான், ஒரே ஒரு சந்தேகம். "மிஸ், டூர் போறதும் ட்ரிப்பு, லோடு கூடுனா ஆஃப் ஆவுறதும் ட்ரிப்பு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" எனக்கும் தெரியவில்லை. அகராதியை எடுத்து வந்து இரண்டு பேரும் தேடினோம். லேசாகக் காலெடுத்து வைப்பது, கால் தடுக்குவது, கொக்கி விடுபடுவது என்று அந்தச் சொல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வரியையும் அவன்தான் படித்தான்.